போஸ்டர் ஒட்டிய டீச்சரும் பள்ளிக்கு வராத பையனும்

கொங்குப் பகுதி அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பள்ளியின் பசுமைப் படை மன்றம் அவர் பொறுப்பில் இருக்கிறது. அக்டோபர் 4, உலக விலங்குகள் தினத்துக்குப் பிள்ளைகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்தியிருக்கிறார். ‘மூக்கணாங்கயிறு குத்துவது குற்றம்’, ‘சூடு போடுவது குற்றம்’, ‘மாட்டை வண்டியில் அடைப்பது குற்றம்’ என்று வரிசையாகச் சார்ட் அட்டைகள். நகரத்திலிருந்து வந்த விலங்கு ஆர்வலர் ஒருவர் வீடியோ போட்டுக் காட்டினாராம். லாரிக்குள் மாடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கிற காட்சி. 8-ம் வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பா சந்தையில் மாடு வாங்கி விற்பவர், சொந்தமாக வண்டியும் வைத்திருக்கிறார். மறுநாளே மற்ற பிள்ளைகள் அவனைக் ‘கொலைகாரன் மவனே’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு நாளாக அவன் பள்ளிக்கு வரவில்லை. அப்பா வந்து, “ஞாயித்துக்கிழமை உங்க வீட்ல என்ன குழம்புங்க டீச்சர்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். “இதோட விட்டுருங்கம்மா” என்கிறார் தலைமை ஆசிரியர்.

ஆலோசனை கேட்கலாமென்று பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போனால், அங்கே மருத்துவர் ஒரு காளைக்கன்றைச் சாய்த்துப் போட்டு, ஊசி எதுவும் போடாமல் காயடித்துக்கொண்டிருந்தாராம். “இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு டீச்சர்” என்று அனுப்பிவிட்டார்.

“நான் செய்தது தப்பா? அந்த அப்பாவின் வண்டியில் ஒருமுறை 11 மாடுகளை எண்ணினேன், புகார் கொடுக்கலாமா? படித்த டாக்டரே இப்படி என்றால் யாரிடம் போவது? மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் கும்பிடுகிற ஊர் இது. அன்புக்குக் குறைவில்லை, சட்டம்தான் தெரியவில்லை, அதைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டு நாயைக்கூடப் பிள்ளை மாதிரிதான் வளர்க்கிறோம், ஆள் வந்துபோகும் வீடு என்பதால் பகலில் மட்டும் கட்டிப்போடுவோம்” என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் பையன். மற்றதெல்லாம் அப்புறம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அவன் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். விலங்கு நலம் பேசியதற்காக மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் வகுப்பறையில் ஒரு பிள்ளையின் அப்பாவுடைய தொழில் வசவாக மாறியிருக்கிறது. அதற்கு வருத்தம் சொல்லத்தான் வேண்டும், அவனிடமும் அப்பாவிடமும். கூப்பிட்ட பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். அதை மாட்டுப் பிரச்சினையோடு கலக்க வேண்டாம்.

அந்தக் குழம்புக் கேள்வி உங்களை உறுத்தியிருக்கும். கறி தின்பவர்களுக்கு விலங்கு நலம் பேச உரிமையில்லை என்பது அவர் வாதம். அது சரியில்லை. கறிக்குப் போகிற மாடும் போகிற வழியில் தண்ணீர் குடிக்கலாம், கால் ஒடியாமல் இறங்கலாம். இதை அவரிடம் பதிலடியாகச் சொல்லாமல், குழம்பு வைப்பதை ஒத்துக்கொண்டே சொல்லுங்கள். சண்டை பாதி அங்கேயே அடங்கிவிடும்.

நீங்கள் செய்தது தப்பா என்று கேட்டீர்கள். நானும் அதே தப்பைச் செய்தவன். கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரச் சந்தையில் மைக் பிடித்து, பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தை வரி வரியாக வாசித்தேன். ஒரு வயசான வியாபாரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதிரே கட்டியிருந்த மயிலைப் பசுவைக் காட்டினார். “சார், அது எந்தக் கால்ல நொண்டுது?” ஒருவரை விட்டு நடத்தச் சொன்னேன். எனக்குத் தெரியவில்லை. பின்னங்கால் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். “இடது முன்னங்கால். அந்தக் கால் தரையில படுறப்ப தலையத் தூக்குது பாருங்க” என்றார். உற்றுப் பார்த்தேன். தூக்கியது. குளம்பு இடுக்கில் கருவேல முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது.

பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஒரு விஷயம்: தெரிந்தும் அவர் அந்த முள்ளை எடுக்கவில்லை, விற்கிற மாடுதானே என்று. மனிதர்களுக்கு விலங்கு நலம் சொல்லிக்கொடுப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். பார்க்கத் தெரியாதவருக்குப் பார்வை வேண்டும், பார்க்கத் தெரிந்தவருக்கு அதைப் பொருட்படுத்த ஒரு காரணம் வேண்டும். போஸ்டரும் வீடியோவும் இரண்டையும் தருவதில்லை. 13 வயதுப் பிள்ளைக்குக் கொடூரமான காட்சியைக் காட்டினால் சிலர் அழுவார்கள், சிலர் சிரிப்பார்கள், மிச்சப்பேர் யார்மேல் பழி போடலாம் என்று தேடுவார்கள். உங்கள் வகுப்பில் மூன்றாவது நடந்திருக்கிறது.

அன்பு இருக்கிறதே?

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் தயங்கிய இடம் ‘அன்புக்குக் குறைவில்லை’ என்பதுதான். எங்கள் தொழிலில் தை மாதம் 2-ம் தேதி ராத்திரி யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. மாட்டுப் பொங்கல் முடிந்து வரும் அழைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். “காலையில நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப எந்திரிக்க மாட்டேங்குது.” போய்ப் பார்த்தால் கொம்பில் சாயம் காயவில்லை, கழுத்தில் மாலை அப்படியே இருக்கிறது. மாடு அசை போடவில்லை, பல்லைக் கடிக்கிறது. இடது பள்ளையை (விலாவை ஒட்டிய வயிற்றுப் பக்கத்தை) கையால் அழுத்தினால் உள்ளே தண்ணீர்த் தோண்டியைக் குலுக்குவது போலச் சத்தம். சாணி புளித்த மாவு வாடை.

மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் புல்லையும் வைக்கோலையும் மெதுவாகச் செரிக்கப் பழகியவை. திடீரென்று ஒரு குண்டான் பொங்கலும் வெல்லமும் வாழைப்பழமும் உள்ளே போனால், மாவுச்சத்து மளமளவென்று புளித்து லாக்டிக் அமிலமாகிறது. அமிலம் ஏறினால் நல்ல நுண்ணுயிரிகள் செத்துப்போகும், ரத்தத்திலிருந்து நீர் வயிற்றுக்கு இழுக்கப்படும், மாடு சுருண்டு படுத்துவிடும். சோடா உப்பும் குளுக்கோஸும் ஏற்றிச் சிலவற்றைக் காப்பாற்றலாம். எல்லாவற்றையும் முடியாது. ஊட்டியவர் கெட்டவர் இல்லை. அன்புக்கு அங்கே குறைவே இல்லை. ஒரு கைப்பிடி மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை வீட்டில் சாப்பிடலாம் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான். உங்கள் மன்றம் மார்கழி கடைசி வாரம் இந்த ஒன்றை மட்டும் ஊருக்குள் சொன்னாலும் அந்த வருஷத்து வேலை முடிந்தது என்பேன்.

அட்டைகளில் எழுதியது

மூன்று அட்டைகளில் இரண்டை எடுத்துவிட வேண்டும், ஒன்றைத் திருத்த வேண்டும். 1960-ம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு எவையெல்லாம் வதை என்று பட்டியல் போடுகிறது. ஆனால் அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, விதிகளில் சொன்ன முறைப்படி செய்தால் கொம்பு நீக்குவது, காயடிப்பது, அடையாளச் சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது ஆகியவற்றுக்கு விலக்குத் தருகிறது. எனவே மூக்கணாங்கயிறே குற்றம் என்று எழுதியது சரியில்லை. வண்டியில் ஏற்றுவதும் குற்றமில்லை. வலி தரும்படி ஏற்றுவதுதான் குற்றம்.

சூடு வேறு கதை. அடையாளத்துக்குப் போடுவது ஒன்று. வீக்கம், நொண்டல், வயிறு உப்புசம், அம்மை என்று எல்லாவற்றுக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைக்கிறார்களே, அது வைத்தியமே இல்லை. பாதி வீக்கங்கள் நாலைந்து நாளில் தானாக வற்றும், பெயர் சூட்டுக்குப் போகும். மிஞ்சுவது தீப்புண், அதில் ஈ உட்கார்ந்து புழு. இந்த அட்டையை மட்டும் எடுக்காதீர்கள். ‘குற்றம்’ என்பதை அடித்துவிட்டு ‘இதனால் குணமாகாது’ என்று எழுதுங்கள். விவசாயிக்கு இரண்டாவதுதான் உறைக்கும்.

நீங்கள் செய்ய நினைத்த வேலைக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 9-வது பிரிவில், விலங்கு நல வாரியத்தின் கடமைகளில் ஒன்றாக, விலங்குகளை மனிதத்தன்மையோடு நடத்துவது பற்றிச் சொற்பொழிவு, புத்தகம், சுவரொட்டி, சினிமா வழியாக மக்களுக்குக் கல்வி தருவது சேர்க்கப்பட்டிருக்கிறது. சட்டம் வரக் காரணமாக இருந்தவர் நம்ம ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் தனி மசோதா கொண்டுவர, அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 1962-ல் வாரியம் சென்னையில் அமைந்தபோது தலைவரும் அவரே. ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த 2014 தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் இந்தக் கல்விக் கடமையை அரசுகளுக்கும் வாரியத்துக்கும் நினைவூட்டியது. ஜல்லிக்கட்டு பின்னாளில் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தத்தால் திரும்ப வந்து, 2023-ல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. தலைமை ஆசிரியர் ‘எதுக்கும்மா’ என்று கேட்டால் 9-வது பிரிவைக் காட்டுங்கள். ஜல்லிக்கட்டை மட்டும் வகுப்புக்குள் இழுக்காதீர்கள், ஒரு பாடவேளையும் மிஞ்சாது.

11 மாடுகள், ஒரு வண்டி

போக்குவரத்து விதிகள் 1978-லிருந்து இருக்கின்றன. சாதாரணச் சரக்கு வண்டியில் 6 மாடுகளுக்கு மேல் கூடாது, பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். ஆக நீங்கள் எண்ணியது மீறல்தான். புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும், அங்கேயோ காவல் நிலையத்திலோ கொடுக்கலாம்.

ஆனால் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். 11-வது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். தட்டச்சுப் பிழை இல்லை, பல பத்தாண்டுகளாக அப்படியே நிற்கிறது. கொடூரமாகக் கொல்வது, சண்டைக்கு விடுவது போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்குப் போலீஸ் இந்தச் சட்டத்தின் கீழ் நேரடியாகக் கைது செய்யவும் முடியாது. பிடித்த மாடுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் கட்டிப்போட்டு, தண்ணீர் காட்ட ஆளில்லாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, தயவுசெய்து நீங்களோ ஆர்வலர் நண்பர்களோ சாலையில் வண்டியை மறிக்காதீர்கள். அது மாட்டைவிட்டு மனிதர்களின் சண்டையாகிவிடும், வேறு சாயமும் பூசிக்கொள்ளும்.

என் யோசனை: கால் ஒடிந்த மாட்டையோ சினை முற்றிய மாட்டையோ ஏற்றுவது, கீழே விழுந்ததை எழுப்பக் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பது, வாலை முறுக்கி ஒடிப்பது போன்றவற்றைக் கண்டால் தயங்காமல் புகார் கொடுங்கள், அன்றைக்கே. எண்ணிக்கை மீறல் என்றால் முதலில் பேசிப் பாருங்கள். அவர் காதில் விழும் பாஷை ஒன்று இருக்கிறது. நெரிசலில் விழுந்து மிதிபட்ட மாட்டின் தொடையில் ரத்தம் கட்டியிருக்கும், வெட்டும்போது அந்தக் கறியை அறுத்து எறிய வேண்டியதுதான். பட்டினியோடு பயந்து நடுங்கி வந்த மாட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோயிருக்கும், அதனால் கறி கறுத்து ஒட்டிக்கொண்டு சீக்கிரம் கெடும். கசாப்புக் கடைக்காரர் அதற்கு விலையைக் குறைப்பார். வண்டித் தரையில் மணலோ வைக்கோலோ பரப்பினால் குளம்பு வழுக்காது. ஏற்றி இறக்கச் சரிவுப் பலகை. பிரேக்கை மெதுவாக. இந்த மூன்றும் பெரிய செலவில்லாத வேலை.

அந்த டாக்டர்

அவர்மேல் உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் சேர்த்துத்தான். நானும் நூற்றுக்கணக்கான கன்றுகளை மரப்பு ஊசி இல்லாமல் காயடித்தவன். பர்டிசோ என்கிற பெரிய இடுக்கியால் தோலுக்கு வெளியிலிருந்தே விதை நரம்பை நசுக்குவது முறை. ரத்தம் வராது, அதனால் வலியும் இல்லை என்று நினைத்துக்கொண்டோம். நாங்கள் படித்த காலத்தில் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்ப்பதைப் பக்கம் பக்கமாகப் படித்தோம், அதன் வலியைக் குறைப்பது பற்றிப் பரீட்சையில் ஒரு கேள்வி வந்ததாக நினைவில்லை. மாடு இரையாகும் இனம். வலியைக் காட்டினால் புலி முதலில் அதைத்தான் பிடிக்கும், ஆகவே காட்டாது. காயடித்த அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள்: முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், பின்னங்காலை மாற்றி மாற்றி உதைக்கும், தீவனத்தை முகர்ந்துவிட்டு விட்டுவிடும். நாங்கள் அரை மணி நேரம் நின்றதில்லை, அடுத்த வீட்டுக்குப் போயிருப்போம்.

அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் ஊசி விலை அதிகமில்லை. போட்டுவிட்டு ஐந்து பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும், அதுதான் பாரம். கூடவே மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைப் போட்டால் அன்று முழுக்க வலி தணிந்திருக்கும். (டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கூடாது. அந்த மருந்து உடம்பில் இருந்த மாட்டின் செத்த உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்ததால் 2006-லேயே கால்நடைக்குத் தடை. நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளை நினைத்து இதை எங்கே போனாலும் சொல்லிவிடுவேன்.) அந்த டாக்டரிடம் திரும்பப் போங்கள். ‘நீங்கள் செய்தது வதை’ என்று ஆரம்பிக்காதீர்கள். “மரப்பு ஊசி போட்டுச் செய்ய முடியுங்களா டாக்டர், ஊசிக்கான காசை மாட்டுக்காரர் கொடுத்தால்?” என்று கேளுங்கள். மருத்துவர் பாதியைக் கல்லூரியில் கற்கிறார், மிச்சத்தை மாட்டுக்காரர் கேட்கிற கேள்வியில் கற்கிறார். என்னை மாற்றியது ஒரு பாட்டி. “எனக்குப் பல்லுப் புடுங்கறப்ப ஊசி போட்டாங்களே சாமி, இதுக்கு இல்லையா?” என்றார்.

மன்றத்தை நிறுத்த வேண்டாம்

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற பேராசிரியை இறைச்சிக்கூடங்களையே மாற்றியவர். அவர் அங்கே நடத்தியது பிரசங்கமில்லை, எண்ண வைத்தார். நூறு மாட்டில் எத்தனை வழுக்கி விழுந்தன, எத்தனை கத்தின, எத்தனைக்கு மின்கோல் வைத்தார்கள். எண்ணத் தொடங்கியதும் கூடத்துக்காரர்களே தரையைச் சொரசொரப்பாக்கினார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு நோட்டும் ஒரு டேப்பும் போதும்.

1965-ல் இங்கிலாந்தில் பிராம்பெல் குழு, பண்ணை விலங்குக்குக் குறைந்தபட்சம் ஐந்து காரியமாவது முடிய வேண்டும் என்றது: எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள, கால் நீட்ட. பசி, வலி, பயம் எல்லாம் சேர்த்து இன்று பேசும் ஐந்து சுதந்திரங்கள் அதிலிருந்து வளர்ந்தவை. பிள்ளைகள் அவரவர் வீட்டுக் கட்டுத்தரையில் இந்த ஐந்தையும் பார்க்கட்டும். கயிறு எத்தனை அடி? படுத்தால் கழுத்தை இழுக்கிறதா? தண்ணீர் எட்டுகிறதா? மதியம் 2 மணிக்கு நிழல் எங்கே இருக்கிறது? காலையில் பார்த்த நிழல் அப்போது இடம் மாறியிருக்கும், பல வீட்டில் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சொந்த வீட்டை மட்டும் அளக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. யார் வீட்டுக் கணக்கையும் சுவரில் ஒட்டக் கூடாது.

நாயைப் பற்றி ஒரு நாள் தனியாகப் பேசுங்கள். கடித்தால், கீறினால்கூட, 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து வீட்டில் சொல்லாமல் இருக்கும் பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது. திட்ட மாட்டோம் என்று பெற்றோரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

முதல் வகுப்பை நடத்த அந்தப் பையனையும், வந்தால் அவன் அப்பாவையும் கூப்பிடுங்கள். காது நுனியைத் தொட்டுக் காய்ச்சல் சொல்வது, மூக்கு நுனி ஈரத்தைப் பார்ப்பது, நடையில் நொண்டலைப் பிடிப்பது, இதெல்லாம் அவன் சந்தையில் அப்பாவோடு நின்று கற்றிருப்பான். உங்களுக்கும் எனக்கும் புத்தகத்தில் வந்தது. அவன் சொல்லட்டும், மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். எப்போதும் சங்கிலியில் கிடக்கும் நாயைப் போதுமான அளவு நடமாட விடாமல் இருப்பதும், நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான சங்கிலியில் கட்டிவைப்பதும் அந்த 11-வது பிரிவுப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் நாய் அந்த நிலையில்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. டேப் வாங்கியதும் முதலில் உங்கள் வீட்டுச் சங்கிலியை அளந்து, எத்தனை அடி, தண்ணீர்ச் சட்டி எட்டுகிறதா, காலையில் கட்டி எத்தனை மணிக்கு அவிழ்க்கிறீர்கள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.